கறுப்புக் களிமண்ணுக்குக் கீழே

ரிக் முகாம்
மார்ச் 4

நுண் புதைபடிவப் பிரிவுக்கு,

இத்துடன் ஆறு பை களிமண் வருகிறது. ஆழம் பைமேல் எழுதியிருக்கிறது. வயது சொல்லவும்.

இவ்வளவு எழுதி மடித்துவிட்டேன். பிறகுதான், பிரிவு என்று எழுதினாலும் பிரிக்கப்போவது நீங்கள் ஒருவர்தானே என்று தோன்றியது. அண்ணி மொட்டைக் கடுதாசி அனுப்பினாள் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். அதனால் மறுபடி தொடங்குகிறேன்.

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று உங்கள் அண்ணன் சொன்னார். போன வருடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்ததை இங்கே இழுக்கப்போவதில்லை. “அண்ணிக்கு எல்லாம் ஒரே மண்ணுதான்” என்று பத்துப் பேர் முன்னால் நீங்கள் சொன்னதையும் இழுக்கவில்லை. “நான் ஓட்டை போடறவ, நீங்க ஓட்டைப் பொறுக்கறவர். உங்க ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நாங்க தண்ணி எடுத்து, குடிச்சு, ஏப்பமும் விட்டிருப்போம்” என்று நான் சொன்னதையும் இழுக்கவில்லை. இழுத்துவிட்டேன் போலிருக்கிறது. போகட்டும்.

விஷயம் இதுதான். இந்த ஊரில் இது மூன்றாவது போர்வெல். முதல் இரண்டும் வேறு ஆட்கள் போட்டவை, வறண்டுபோனவை. வீட்டுக் கிணறுகளில் உப்பு ஏறிவிட்டது. டேங்கர் வந்தால்தான் இங்கே பாத்திரம் நனையும். பாதித் தெருவில் பூட்டுத் தொங்குகிறது. இதிலும் தண்ணீர் இல்லையென்றால் ஊரையே காலி செய்துவிடுவது என்று நகரசபை முடிவெடுத்துவிட்டது. எனக்கோ, துளைபோடும் ரிக்குக்குப் பொறுப்பாளராக இது முதல் தடவை.

வரைபடத்தின்படி சாம்பல் களிமண்ணுக்கு அடியில் மணற்கல், மணற்கல்லில் தண்ணீர். சாம்பல் களிமண் வந்தது. மணற்கல் வரவில்லை. இருநூறு மீட்டரிலிருந்து தார் போலக் கறுப்பாக வேறொரு களிமண் வந்துகொண்டே இருக்கிறது. அது என்ன, எந்தக் காலத்தது என்று தெரிய வேண்டும். குன்று மறைப்பதால் இங்கே போன் எடுக்காது. பதிலை லாரிக்காரரிடமே கொடுத்தனுப்புங்கள்.

அண்ணி


ஆய்வுக்கூடம்
மார்ச் 9

அண்ணிக்கு,

வணக்கம். பைகள் வந்தன. இரண்டு பை வாய் சரியாகக் கட்டப்படவில்லை. அடுத்த முறை கவனிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில்: கறுப்புக் களிமண் பழையது. மிகப் பழையது. சோடா உப்பில் ஊறவைத்து, சல்லடையில் கழுவி, காயவைத்துப் பார்த்தேன். ஆறு பையிலும் ‘இரட்டைக்கரை’ இருக்கிறது. இது நானாக வைத்த பெயர். புடவைக்கு இரண்டு கரை போட்டதுபோல, ஓட்டின் விளிம்பில் இரண்டு வரம்பு ஓடும். கடலில் மிதந்து வாழ்ந்த ஒற்றைச் செல் உயிரின் ஓடு அது, மணல் பருக்கை அளவுதான். அந்த உயிர் ஆறரைக் கோடி வருடத்துக்கு முன்பு பூண்டோடு அழிந்துபோனது. அதற்குப் பிறகு உலகத்தில் எந்தக் கடலிலும் அது இல்லை. ஆகவே இந்தச் சேறு படிந்தது அதற்கும் முன்னால். மேலே இருக்கும் சாம்பல் களிமண்ணோ ஒன்றரைக் கோடி வருடத்துக்கு உட்பட்ட புதுசு. நடுவில் இருக்க வேண்டியதெல்லாம் இங்கே இல்லை. மணற்கல் உட்பட.

விதிப்படி ஒரு பிரதி தலைமைப் புவியியலாளருக்குப் போயிருக்கிறது.

அண்ணன் நன்றாக இருக்கிறார். நீங்கள் இல்லாததால் தினமும் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். பல் வைத்தியருக்கு இவ்வளவு நல்ல பற்கள் எதற்கு என்று நினைத்துக்கொள்கிறேன். சாப்பாட்டு மேசையைப் பற்றி நானும் எழுதவில்லை. ஆனால் இந்த ரிப்போர்ட் ஐந்தே நாளில் தயாரானது என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

தம்பி


ரிக் முகாம்
மார்ச் 17

தம்பிக்கு,

ஐந்தே நாளில் எங்கள் கதையை முடித்துவிட்டீர்கள். சந்தோஷம்தானே?

‘தீர்ப்பு’ நேற்று வந்திருந்தார். தலைமைப் புவியியலாளருக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. அவர் பேசினால் மேல்முறையீடு கிடையாது. உங்கள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இது அடிப்பாறைக் காலத்துக் களிமண். இதுக்குக் கீழ இன்னும் பழசுதான் வரும். தண்ணிப் பாறை இந்த இடத்துல இல்லவே இல்ல. மூடிடுங்க.” சிமெண்ட் லாரி பத்து நாளில் வருமாம். துளையை அடைத்துவிட்டு ரிக்கைக் கழற்ற வேண்டும்.

நீங்கள் எழுதியது தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் ‘மணற்கல் உட்பட’ என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அது தேவையா? வயதைத்தான் கேட்டேன். ஈமக்கிரியைக்கு நாள் குறிக்கச் சொல்லவில்லை.

நகரசபைத் தலைவி இன்று காலை வந்து கேட்டார்: “அப்போ கிளம்பச் சொல்லிடலாமா, மேடம்?” அவர் அழவில்லை. குரல்கூட மாறவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உத்தரவு வந்து சேரும்வரை தோண்டிக்கொண்டுதான் இருந்தோம். நானூறு மீட்டர் வந்துவிட்டது. கடைசி மூன்று பை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது, கறுப்பா சாம்பலா என்று சொல்ல முடியவில்லை. தூக்கிப்போட மனம் வரவில்லை. அனுப்புகிறேன். பை வாயெல்லாம் நானே கட்டினேன்.

அண்ணி


ஆய்வுக்கூடம்
மார்ச் 20

அண்ணிக்கு,

முதலில் ஒரு கேள்வி. இதற்குப் பதில் வராமல் எனக்குக் கை ஓடாது. கேசிங் குழாயை எந்த ஆழம்வரை இறக்கியிருக்கிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், கடைசி மூன்று பையிலும் ‘கோலிக்குண்டு’ இருக்கிறது. அதுவும் ஒரு மிதக்கும் உயிரின் ஓடுதான். கடைந்தெடுத்தது போல முழு உருண்டை. இந்த உருண்டை வடிவமே உலகத்தில் தோன்றியது ஒன்றரைக் கோடி வருடத்துக்கு முன்புதான். அது இருக்கும் சேறு அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. பேரனின் கல்யாணப் படத்தை வைத்துக்கொண்டு, இது தாத்தா பிறப்பதற்கு முன் எடுத்தது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆக மேலே புதுசு, நடுவில் ஆறரைக் கோடிப் பழசு, அதற்கும் கீழே மறுபடி புதுசு. நிலம் அப்படி அடுக்கிவைக்காது. ஏதோ ஒன்று அடுக்கைக் கலைத்திருக்க வேண்டும். ரயில் மோதும்போது ஒரு பெட்டி இன்னொன்றின் மேல் ஏறி உட்காருமே, அப்படி ஒரு பழைய பாளம் தன்மேல் இருந்த சாம்பல் களிமண்ணையும் சுமந்துகொண்டு, பக்கத்து நிலத்தின்மேல் ஏறியிருக்கலாம். அப்படியென்றால் நீங்கள் மணற்கல்லைத் தாண்டவில்லை. இன்னும் அதன் தலைக்கு மேலேயே நிற்கிறீர்கள்.

‘தீர்ப்பு’க்குப் போன் செய்தேன். சிரித்தார். “மேல இருக்கிற சாம்பல் களிமண் உதிர்ந்து கீழ விழுந்திருக்கு. போர்ல இது சகஜம். நீங்க மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்து ஒரு தடவை ரிக்கைப் பாருங்க” என்றார். உண்மையிலேயே உதிரலாம். அதனால்தான் கேட்கிறேன்.

தம்பி


ரிக் முகாம்
மார்ச் 21

தம்பிக்கு,

லாரிக்காரரை டீ குடிக்கச் சொல்லி உட்காரவைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஒன்றை நேராகக் கேட்கிறேன். போன கடிதத்தில் நான் கொட்டியதைப் படித்துவிட்டு, சொந்தக்காரி கஷ்டப்படுகிறாளே என்று இரக்கப்பட்டு இதை எழுதினீர்களா? உங்கள் அண்ணன் ஏதாவது சொன்னாரா? அப்படியென்றால் வேண்டாம். இங்கே ஒரு ஊரே மூட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் போய் ‘இருங்கள், நம்பிக்கை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு நாளைக்கு இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. முதல் இரண்டு போர் போட்டவர்கள் அதைத்தான் செய்தார்கள்.

கேசிங் கேட்டீர்கள். சாம்பல் களிமண் முழுவதையும் இரும்புக் குழாயால் மூடி, கறுப்புக்குள் பத்து மீட்டர் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் ஊற்றியிருக்கிறது. நானே நின்று பார்த்தேன். அந்தச் சாம்பல் மண்ணிலிருந்து ஒரு பொட்டு கீழே விழ வேண்டுமானால், அது இரும்பைத் தின்றுவிட்டுத்தான் விழ வேண்டும்.

இரக்கமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அண்ணி


ஆய்வுக்கூடம்
மார்ச் 22

அண்ணிக்கு,

இரக்கம் இல்லை. அண்ணனிடம் இதைப் பற்றி நான் பேசவே இல்லை.

போன வாரம் உங்கள் ரிக்கை மூடவைத்ததும் இதே கண்தான். இரட்டைக்கரையைப் பார்த்தேன், எழுதினேன். அப்போது நீங்கள் அண்ணி என்று தெரிந்துதான் எழுதினேன். இப்போது கோலிக்குண்டைப் பார்க்கிறேன், எழுதுகிறேன். உங்களுக்காக ஒரு ஓட்டைக்கூட நான் கூட்டிச் சொல்ல மாட்டேன். நீங்கள் கேட்டது எனக்கு வலித்தது. ஆனால் கேட்டது சரி.

கேசிங் விஷயத்தை ‘தீர்ப்பு’விடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. “சேற்றுக் குழம்பு?” என்றார். துளைக்குள் விட்டு எடுக்கும் அதே குழம்பைத்தானே தொட்டியில் தெளியவைத்துத் திரும்ப உள்ளே விடுகிறீர்கள்? மேலே தோண்டும்போது அதில் கலந்த ஓடுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம் என்கிறார். அவர் பிடிவாதத்துக்குச் சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்பேன்.

அதற்கு ஒரே பதில், உடையாத முழுக் கல், அதாவது அந்த ஆழத்தில் கல்லாக இறுகிப்போன களிமண். தூளாக வேண்டாம். அடியிலிருந்து ஒரு கல் தூணை அப்படியே அறுத்து எடுத்து அனுப்ப முடியுமா? அதன் வயிற்றுக்குள் குழம்பு போக முடியாது. உள்ளே கோலிக்குண்டு இருந்தால் யாராலும் மறுக்க முடியாது. இல்லாவிட்டால் நானே உங்களுக்கு ‘மூடுங்கள்’ என்று எழுதுவேன்.

தம்பி


ரிக் முகாம்
மார்ச் 26

தம்பிக்கு,

லாரியின் முன் இருக்கையில் டிரைவருக்குப் பக்கத்தில், என் போர்வையில் சுற்றி வருவதுதான் நீங்கள் கேட்டது. குழந்தை மாதிரி இறக்கச் சொல்லுங்கள்.

எடுத்தது எப்படி என்று கேளுங்கள். தோண்டக்கூடாது என்று உத்தரவு. ஆனால் அதே உத்தரவில், மூடுவதற்கு முன் ‘துளையின் அடிமட்டத்தை உறுதிசெய்யவும்’ என்றும் இருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அடியில என்ன இருக்குன்னு எடுத்துப் பார்க்காம எப்படி உறுதி செய்யறது, மேஸ்திரி?”

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இது உத்தரவா, சாக்கா?”

“ரெண்டும்தான்.”

“அப்போ சரி” என்று கையுறையை மாட்டிக்கொண்டார்.

முதல் தடவை, கல்லை அறுத்தெடுக்கும் குழல் வெறுமையாக வந்தது. உள்ளே பிடித்த களிமண் பாதி வழியில் நழுவி விழுந்துவிட்டது. அத்தனை ஆழம் இறக்கி, அத்தனை ஆழம் ஏற்றி, கடைசியில் நாலு சொட்டுச் சேறு. இரண்டாவது தடவை மேஸ்திரி, “அவசரப்படாதீங்க, தூங்கறவனை எழுப்பற மாதிரி சுத்தணும்” என்று தானே நெம்புகோலைப் பிடித்தார். குழலைத் திறந்தபோது உள்ளே ஒரு முழம் நீளத்துக்கு முழுக் கல். சாம்பல் நிறம், தம்பி. கறுப்பு இல்லை. ஈரத்தில் மீன் முதுகு போல மின்னியது. அதைத் தொட்டுப் பார்க்க எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் விடவில்லை, அழுக்காக்கிவிடுவார்கள் என்று. இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சிமெண்ட் லாரி நேற்றே வந்துவிட்டது. ரிக்குக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. ‘நாளை மறுநாள் ஊற்றலாம்’ என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சாக்கு இல்லை.

அண்ணி


ஆய்வுக்கூடம்
மார்ச் 27

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவர் உங்கள் கணவர். லாரிக்குக் காத்திருக்க முடியாது என்று நான் சொன்னதும் கிளினிக்கை மூடிவிட்டுக் கிளம்பினார். நாற்காலியில் வாய் திறந்தபடி இருந்த ஒருவரை மட்டும் முடித்துவிட்டு வந்தார்.

‘தீர்ப்பு’வைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் முன்னால்தான் எல்லாம் செய்தேன். கல்லின் வெளித்தோலை வட்டமாகச் சீவி எறிந்தேன். நடுவிலிருந்து ஒரு விரல் அளவு எடுத்து ஊறவைத்தேன். கழுவும் முன் சல்லடையை நீலச் சாயத்தில் முக்கினேன். அது எங்கள் வழக்கம். முந்தைய மண்ணின் ஓடு ஏதாவது சல்லடைக் கண்ணில் மாட்டியிருந்தால் அது நீலமாகிவிடும், ஏமாற்றாது.

காய்ந்த தூளைத் தட்டில் பரப்பி லென்ஸுக்கு அடியில் வைத்தேன். நான் பார்க்கவில்லை. நகர்ந்து அவருக்கு நாற்காலியை விட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். தட்டை நகர்த்தும் கை மட்டும் அசைந்தது. ஒன்றும் இல்லையோ, நான்தான் எல்லோரையும் இழுத்தடித்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

“உருண்டையா இருக்கு” என்றார், தலையைத் தூக்காமல்.

“என்ன நிறம் சார்?”

“வெள்ளை.” பிறகு, “எல்லாமே வெள்ளை.” இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “உன் இரட்டைக்கரை ஒண்ணுகூட இல்லையேப்பா” என்றார்.

கவனித்தீர்களா? அதுவரை என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்.

நான் குனிந்து பார்த்தேன். அண்ணி, தட்டு நிறையக் கோலிக்குண்டு. பனித்துளி கொட்டிவைத்தது போல. பழையதின் வாடையே இல்லை. ஒன்றரைக் கோடி வருடத்துக்கு உட்பட்ட சுத்தமான புதுக் களிமண், பழைய பாளத்துக்கு அடியில். இருபது வருடமாக இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. எழுந்து ஜன்னல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

அவர் சுவரில் தொங்கிய வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். அது அவரே போட்டது, முப்பது வருடத்துக்கு முன்பு. பேனாவை எடுத்து உங்கள் ஊரின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். “இங்க ஏறியிருக்கு. மேல வந்து உக்கார்ந்திருக்கு. நான் மேல இருக்கிறதைப் பார்த்து முடிவு கட்டிட்டேன்” என்றார். அவர் முகத்தில் வருத்தமில்லை. பரீட்சையில் தேறிய பையன் போல இருந்தார். அங்கேயே நின்றபடி எழுதிக் கொடுத்த உத்தரவு இத்துடன் இருக்கிறது: மூட வேண்டாம், தொடர்ந்து தோண்டவும்.

அண்ணன் காரில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். தோண்டுங்கள், அண்ணி.

தம்பி


ரிக் முகாம்
ஏப்ரல் 5

தம்பிக்கு,

தண்ணீர்.

இதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இனி வரிசையாகச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் வந்து இறங்கியபோது சிமெண்ட் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்கள். காரிலிருந்தே காகிதத்தை ஆட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்தார். யாருக்கோ அடிபட்டு டாக்டர் வருகிறார் என்று எல்லோரும் பதறிவிட்டார்கள். உத்தரவைப் படித்ததும் மேஸ்திரி நேராகப் போய் எஞ்சினை முடுக்கினார்.

நாலு நாள் சாம்பல் களிமண்தான். ஐந்தாம் நாள் துரப்பணத்தின் சத்தம் மாறியது. களிமண்ணில் அது முனகும். இப்போது கரகரவென்று அரைத்தது. மேலே வந்த தூளை மேஸ்திரி உள்ளங்கையில் தேய்த்து என் காதருகே கொண்டுவந்தார். “கேளுங்க.” மணல். வெள்ளை மணல்.

இன்று காலை குழம்பு தானாகப் பொங்கியது. பம்பை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியும் பொங்கியது. முதலில் சேறு, பிறகு சேற்றுத் தண்ணீர், பிறகு கலங்கல், அப்புறம் குழாய் வாயிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குத் தெளிவாக எழும்பி நின்றது. நாங்கள் இறைக்கவே இல்லை. அதுவாகவே வருகிறது.

ஊர் முழுக்க வந்துவிட்டது. ஆனால் யாரும் கிட்டே வரவில்லை. உப்பாக இருக்குமோ என்ற பயம். நகரசபைத் தலைவி ஒரு டம்ளரோடு முன்னால் வந்தார். பிடித்தார், குடித்தார். முழுவதும் குடித்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் டம்ளரை மறுபடி நீட்டிப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை குடிச்சாத்தான் சொல்ல முடியும்” என்றார். அதற்குப் பிறகு என்னால் எதையும் ஒழுங்காகப் பார்க்க முடியவில்லை. கூட்டம் உடுத்திய துணியோடு உள்ளே புகுந்துவிட்டது. சாமான்களையெல்லாம் வேனில் ஏற்றிவைத்துக்கொண்டு இன்று கிளம்புவதாக இருந்த ஒரு குடும்பம், நடுத்தெருவில் பீரோவை இறக்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இங்கேயே தங்கிவிட்ட உங்கள் அண்ணன் நனைந்தபடி என்னிடம் வந்து, “நானும் தினம் துளை போடறவன்தான். எனக்கு ஒரு நாளும் இப்படி வந்ததில்ல” என்றார்.

மேஸ்திரி என்னைத் தள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீருக்கு அடியில் நிறுத்திவிட்டார். ரிக் ஆட்கள் முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டினார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் வாய்க்குள் தண்ணீர் போயிருக்கும்.

அப்புறம் ஒரு சங்கதி. அந்தக் கோலிக்குண்டு எப்படி இருக்கும் என்று ஊரில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். நான் கையை உருட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கே தெரியாது, நான் பார்த்ததில்லையே. மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வர முடியுமா? பள்ளிக்கூடத்தில் மேசை போட்டுத் தருகிறார்களாம். வரிசையில் முதல் ஆளாக நான்தான் நிற்பேன். அது என் உரிமை.

அண்ணி


ஆய்வுக்கூடம்
ஏப்ரல் 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் சத்தம் போட்டுப் படிக்கச் சொன்னார்கள். ‘தண்ணீர்’ என்ற முதல் வார்த்தைக்கே எல்லோரும் கத்திவிட்டதால், மிச்சத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. எப்போதும் வாய் திறக்காத எங்கள் கணக்கர் மேசையில் தாளம் போட்டார்.

மைக்ராஸ்கோப்பைப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். கோலிக்குண்டுகளில் அழகான ஐந்தைப் பொறுக்கி, கறுப்பு அட்டையில் ஒட்டியிருக்கிறேன். நடுவில் இருப்பதுதான் உங்களுக்கு.

‘தீர்ப்பு’வும் கூட வருகிறார். ஊராரிடம் பாறை எப்படிப் பாறைமேல் ஏறியது என்று சொல்லிக்காட்ட வேண்டுமாம். பேசிப் பழக, உங்கள் கடிதம் வந்ததிலிருந்து இரண்டு ரொட்டித் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் இரண்டையும் தின்றுவிட்டார்.

நாளை மதியத்துக்குள் அங்கே இருப்போம். தங்க இடம், சாப்பாடு என்று எதற்கும் அலைய வேண்டாம். ஆளுக்கொரு துண்டும் மாற்றுத் துணியும் எடுத்துவைத்துவிட்டோம். வந்ததும் முதல் வேலையாகக் குளிக்கப்போகிறோம்.

தம்பி